பாம்பு எப்ப கைக்குப் பழகும்? – வளர்ப்புப் பிராணி கேள்வி பதில்

நாய் பூனைக் கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளியாச்சு, இந்தத் தடவ முழுக்க பாம்புதான். படத்துல பாத்தாலே உடம்பு சிலிர்த்துப்போறவங்க ரெண்டு பக்கம் தாண்டி சமையல் குறிப்புக்குப் போயிடுங்க, கோவிச்சுக்க மாட்டோம்.

கேள்வி: வணக்கம். நாங்கள் லண்டன் ஹாரோவில இருக்கிறம். மகனுக்கு 17 வயசு. பாம்பு வேணும் பாம்பு வேணும் எண்டு ஒரே கரைச்சல், கடைசியில தன்ர காசிலயே ராயல் பைதான் எண்ட ஒரு மலைப்பாம்புக் குட்டி வாங்கிக்கொண்டு வந்திட்டான். வந்து நாலு நாளாகுது. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால வந்த உடன அதைத் தூக்கிறான், அது தலையை உள்ளுக்கு வச்சுக்கொண்டு உருண்டையா சுருண்டு கிடக்குது. "அம்மா பாருங்கோ, என்னட்ட எவ்வளவு அமைதியா இருக்குது" எண்டு சொல்லுறான். நேற்று எலி குடுத்தும் தின்னேல்ல. உது உண்மையிலயே பழகிட்டுதோ? எனக்குத் தொடவே பயமாக் கிடக்கு, நானும் தொடத்தான் வேணுமோ?
– ஒரு அம்மா, ஹாரோ

பதில்: அக்கா, முதல்ல தம்பிகிட்ட சொல்லி இன்னிக்கே தூக்கறத நிறுத்தச் சொல்லுங்க. அவன் பாக்கறது அமைதி இல்ல, பயம். ராயல் பைதான், பால் பைதான் ரெண்டும் ஒரே பாம்புதான், மேற்கு ஆப்பிரிக்கால கானா, டோகோ, பெனின் பக்கம் கரையான் புத்துலயும் எலி வளையிலயும் கெடக்கற சாதி, பெரிய மிருகம் ஏதாச்சும் வந்து புடிச்சா சீறிச் சண்ட போடறதவிட தலைய நடுவுல ஒளிச்சுகிட்டு உருண்டு படுத்துடும், என்னத்தையோ பண்ணித் தொலைன்னு. தினமும் தம்பி கையில அது அதத்தான் பண்ணிட்டு இருக்கு. எலி திங்காததுக்கும் பெரும்பாலும் அதான் காரணம். பயந்துபோன பாம்பு வாயத் தொறக்காது, அதுலயும் ராயல் பைதான் பட்டினி கெடக்கறதுல பேர் போனது.

புதுசா வந்த பாம்ப ஒரு வாரம் யாரும் தொடக் கூடாது. தண்ணி மாத்துங்க, எச்சம் இருந்தா எடுத்துப் போடுங்க, கூண்ட மூடிட்டு வந்துடுங்க, அவ்ளோதான். அந்த வாரம் முடிஞ்சதும் உறைஞ்ச எலி ஒண்ண நல்லா இளக வச்சு வெதுவெதுப்பா நீட்டிப் பாருங்க, பாம்போட உடம்பு எங்க தடிச்சு இருக்கோ அந்த அளவு எலி போதும். திங்கலயா, எடுத்துடுங்க, இன்னும் ஒரு வாரம் கழிச்சு மறுபடி. இப்படி வரிசையா ரெண்டு மூணு வேள ஒழுங்கா முழுங்கினதுக்கு அப்புறம்தான் கையில எடுக்கற பேச்சே எடுக்கணும். பதினேழு வயசுப் பையனுக்கு இது கொடுமைதான், ஆனா இந்த ஒரு இடத்துல பொறுமை இல்லாம போனா பின்னாடி மாசக்கணக்குல இழுக்கும்.

அதுக்குள்ள அவனுக்கு வேற வேல இருக்கு, கூண்ட சரி பாக்கச் சொல்லுங்க. ஒரு ஓரம் 31லேர்ந்து 33 டிகிரி செல்சியஸ், இன்னொரு ஓரம் 24லேர்ந்து 27, ஈரப்பதம் ஒரு 60 சதவீதம், ரெண்டு ஓரத்துலயும் உடம்ப நெருக்கிட்டு படுக்கற மாதிரி சின்னதா ஒரு ஒளிவிடம். ஒண்ணே ஒண்ணு வச்சா சூடு வேணுமா ஒளிய எடம் வேணுமான்னு அது தவிச்சுட்டு இருக்கும். ஹீட்டருக்கு தெர்மோஸ்டாட் கண்டிப்பா வேணும், கண்ணாடில ஒட்டற வட்ட தெர்மோமீட்டர நம்பாதீங்க, ஒயர் வச்ச டிஜிட்டல் ஒண்ணு வாங்குங்க. சூடு சரியில்லாத கூண்டுல இருக்கற பாம்ப நீங்க தலகீழா நின்னாலும் பழக்க முடியாது, அது நாள் பூரா பதட்டத்துலயே இருக்கும், நாமளோ நம்ம கையிலதான் ஏதோ குறைன்னு நெனச்சுப்போம்.

சரி, திங்க ஆரம்பிச்சாச்சு, இப்ப எப்படி எடுக்கறது. தின்னு ரெண்டு முழு நாள் ஆகியிருக்கணும், வயித்துல எலியோட தூக்கினா கக்கிடும், கக்கினா லேசுல விடாது, மறுபடி தீனி வைக்க ரெண்டு வாரம் காத்திருக்க வேண்டி வரும். கண்ணு பால் படிஞ்ச மாதிரி மங்கலா நீலம் பூத்திருந்தா சட்டை உரிக்கப் போகுதுன்னு அர்த்தம், அப்ப சரியா கண்ணு தெரியாது, எது அசஞ்சாலும் மெரளும், உரிச்சு முடிக்கற வரைக்கும் விட்டுடுங்க. இது ராத்திரி நடமாடற பிராணி, ஸ்கூல் விட்டு வந்த சூட்டோட தூங்கறத எழுப்பாம சாயங்காலம் இருட்டினதுக்கு அப்புறம் எடுக்கட்டும். வாசனையில்லாத சோப்பு போட்டு கை கழுவணும். ராயல் பைதானோட உதட்டு ஓரம் வரிசையா சின்னச் சின்னக் குழி இருக்கும் பாருங்க, அதால சூட்ட உணரும், எலி வாசனையோட ஒரு சூடான கை உள்ள வந்தா அது சாப்பாடுன்னு நெனைக்கறதுல அதும்மேல என்ன தப்பு?

அதனால கைய விடறதுக்கு முன்னாடி ஒரு சைகை பழக்குங்க. பேப்பர சுருட்டியோ பாம்புக் கொக்கியாலயோ உடம்போட நடுப் பாகத்துல மெதுவா ஒரு தடவு தடவணும். தடவினா சாப்பாடு இல்ல, கைதான் வரப்போகுதுன்னு நாளாக நாளாக அதுக்குப் புரிஞ்சுபோகும், எலி குடுக்கற அன்னிக்கு மட்டும் தடவக் கூடாது. அப்புறம் கைய மேலேர்ந்து இறக்காதீங்க, ஆகாசத்துலேர்ந்து இறங்கறது எல்லாம் அதுக்குப் பருந்துதான். பக்கவாட்டுல, தரையோட தரையா கொண்டுபோயி, ஒரு கை உடம்போட நடுவுக்கு அடியில, இன்னொரு கை வாலுக்குக் கொஞ்சம் முன்னாடி, அள்ளி எடுக்கணும், புடிக்கக் கூடாது. தயங்கித் தயங்கி கைய நீட்டி நீட்டி இழுத்தா அதுக்கு இன்னும் பயம் கூடும், எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா நிதானமா ஒரே மூச்சுல எடுத்துடணும். தலையத் தொடவே வேணாம், வாலப் புடிச்சுத் தூக்கறது கூடவே கூடாது.

எடுத்ததும் முதல் ரெண்டு நிமிஷம் ஒண்ணும் பண்ணாம உக்காருங்க. கையில இருக்கற உடம்பு முதல்ல கல்லு மாதிரி இறுகி இருக்கும். அப்புறம் நடுவுல எங்கயோ ஒரு இடம் தளரும், வயித்துச் செதில் உள்ளங்கையில மெல்ல நகர்றது தெரியும், தலை வெளில வந்து நாக்கு ஒரு தடவ நீளும், நின்னு இன்னொரு தடவ நீளும். அந்த நாக்குக்காகத்தான் இவ்ளோ பாடு, நாக்கால காத்துல இருக்கற வாசனைய எடுத்து மேல்வாயில இருக்கற ஒரு உறுப்புல ஒத்தி நீங்க யாருன்னு பாக்குது, ஒளியறத விட்டுட்டு விசாரிக்க ஆரம்பிச்சாச்சு. அது ஊர்ந்து போனா தடுக்காம ஒரு கைக்கு முன்னாடி இன்னொரு கைய வச்சுகிட்டே போங்க. முதல்ல அஞ்சு நிமிஷம், வாரத்துக்கு ரெண்டு தடவ, அதுக்கு மேல வேணாம். ஒரு மாசம் போல ஆனதும் பத்து நிமிஷம், இருபது நிமிஷம்னு கூட்டலாம். உங்க ஊர் குளிர்ல ரொம்ப நேரம் வெளில வச்சா உடம்பு சில்லிட்டுப் போகும், அதையும் பாத்துக்கணும்.

திரும்ப விடறது அது அமைதியா இருக்கறப்ப நடக்கணும். சீறின உடனே பயந்து உள்ள போட்டா, சீறினா இவங்க விட்டுடுவாங்கன்னு கத்துக்கும். ஆனா இதையே புடிச்சுகிட்டு, உருண்டையா கெடக்கறத ஒரு மணி நேரம் கையில வச்சுகிட்டு நீ தளர்ந்தாதான் விடுவேன்னு வீம்பு பண்றவங்களும் இருக்காங்க, அது இன்னும் மோசம். கொஞ்சம் நிதானத்துக்கு வந்துச்சா, கொண்டுபோயி விடு, நாளன்னிக்குப் பாத்துக்கலாம். கழுத்துல போட்டு செல்ஃபி, கூட்டாளிங்களுக்கு கைமாத்திக் குடுக்கறது, இதெல்லாம் இப்போதைக்கு வேணவே வேணாம்.

பழைய டி-ஷர்ட்ட கூண்டுல போட்டா உங்க வாசனை பழகிடும்னு நெட்ல நெறைய பேர் எழுதறாங்க, போட்டா கெடுதல் இல்ல, பெருசா நம்பாதீங்க, சூடும் ஒளிவிடமும் சரியா இருந்தா அந்த டி-ஷர்ட் இல்லாமலே பழகும்.

நீங்க தொடணுமான்னு கேட்டீங்க. கட்டாயம் ஒண்ணும் இல்லக்கா. ஆனா ஒண்ணு யோசிங்க, தம்பிக்கு 17, இன்னும் ஒரு வருஷத்துல யூனிவர்சிட்டி, அங்க ஹாஸ்டல்ல பாம்பு விடமாட்டாங்க. இந்தப் பாம்பு நல்லா வளத்தா 20, 30 வருஷம் இருக்கும், அமெரிக்கால செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில ஒரு ராயல் பைதான் 2020ல 60 வயசு தாண்டி முட்டையே போட்டுச்சு, அதுவும் 15 வருஷத்துக்கு மேல ஆண் பாம்பு வாடையே இல்லாம. அதனால எப்படியும் உங்க கைக்குத்தான் வந்து சேரும்னு தோணுது. அவன் புடிச்சிருக்கறப்ப வால் பக்கத்து உடம்ப, தலைலேர்ந்து வால் போற திசையிலயே, ஒரு விரலால தடவிப் பாருங்க. வழவழன்னு பிசுபிசுப்பா இருக்கும்னு நெனச்சிருப்பீங்க, தொட்டா காஞ்சு மழமழன்னு இருக்கும். தொட்டதும் சோப்பு போட்டு கை கழுவணும், சால்மொனெல்லா கிருமி இருக்கும், சமையல் சிங்க்ல தண்ணிக் கிண்ணத்தக் கழுவ விடாதீங்க, வீட்டுக்கு அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தைங்க வந்தா பாம்பு பக்கமே விடாதீங்க.

கேள்வி: ஹாய், மெல்பர்ன்லேர்ந்து எழுதறேன். லைசென்ஸ் எல்லாம் முறையா எடுத்து ஒரு சில்ட்ரன்ஸ் பைதான் குட்டி வாங்கினேன். நல்லா சாப்பிடுது, ஆனா கூண்டு கதவத் தொறந்தாலே பாய்ஞ்சு வருது, ரெண்டு தடவ கடி வாங்கிட்டேன். கூண்டுக்குள்ளயே சாப்பாடு போடறதாலதான் இப்படின்னு ஃப்ரெண்ட் சொல்றான். தடிமனான கிளவுஸ் வாங்கிடவா?
– ஒரு வாசகர், மெல்பர்ன்

பதில்: தம்பி, ஆஸ்திரேலியால நாட்டுப் பாம்பு மட்டும்தான் வளக்க முடியும், கார்ன் ஸ்னேக் மாதிரி வெளிநாட்டுப் பாம்பு வச்சிருந்தா கேஸ் ஆயிடும், நீங்க லைசென்ஸோட ஆரம்பிச்சது நல்லது. இப்ப கடிக்கு வருவோம். கடிச்சுட்டு உடனே விட்டுச்சா, இல்ல கடிச்சுப் புடிச்சுகிட்டு சுத்திச்சா? இத நீங்க எழுதல, ஆனா இதுதான் முக்கியம். கொத்திட்டு வெடுக்குன்னு தலைய இழுத்துகிட்டா அது பயக் கடி, கழுத்த வளைச்சு வளைச்சு பின்னாடி மடக்கிட்டு நின்னுருக்கும், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. புடிச்சுகிட்டு விடாம உடம்பால சுத்துச்சுன்னா அது பசிக் கடி, உங்க விரல எலின்னு நெனச்சிடுச்சு.

பசிக் கடின்னா மேல ஹாரோ அக்காவுக்கு சொன்ன தடவற சைகை, கை கழுவறது, இந்த ரெண்டுலயே பாதி சரியாயிடும். பயக் கடின்னா காலம்தான் மருந்து, குட்டிப் பாம்ப காட்டுல பறவை, பல்லி, பூனைன்னு எல்லாமே திங்கும், அதனால பாக்கற எல்லாத்தையும் கொத்தும், வளர வளர கொத்தறது குறையும். வாரத்துக்கு ரெண்டு தடவ சின்னச் சின்னதா எடுத்துப் பழக்கிட்டே இருங்க, கடிச்சுடுச்சேன்னு மொத்தமா விட்டுடாதீங்க.

கூண்டுல சாப்பாடு போட்டா கடிக்கும்ங்கறது ரொம்ப காலமா ஓடற கதை. தனி டப்பால மாத்தி போட்டா தின்ன வயித்தோட திரும்பத் தூக்கணும், அப்பதான் கக்கறதும் கடிக்கறதும் நடக்கும். கூண்டுலயே நீளமான இடுக்கியால குடுங்க.

கிளவுஸ் வேணாம்னுதான் சொல்வேன். தடிமனான தோல் கிளவுஸ் போட்டா நீங்க எவ்ளோ அழுத்தறீங்கன்னு உங்களுக்கே தெரியாது, பாம்பு தளர்றதும் இறுகறதும் கைக்குத் தெரியாது. ரொம்ப பயமா இருந்தா கொக்கியால தூக்கி வெளில எடுத்துட்டு அப்புறம் கைக்கு மாத்துங்க, கூண்டுக்கு வெளில வந்ததும் முக்கால்வாசி பாம்பு சாதுவாயிடும்.

கடிச்சு புடிச்சுகிட்டா வெடுக்குன்னு இழுக்காதீங்க, பல்லு உள்பக்கம் வளைஞ்சிருக்கும், இழுத்தா உங்க தோலும் கிழியும், அது பல்லும் உடையும். குளிர்ந்த தண்ணில கைய காட்டுங்க, தானா விட்டுடும், சுத்தியிருந்தா வால் நுனிலேர்ந்து பிரிக்கணும். விஷம் கிடையாது, சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு டெட்டனஸ் ஊசி எப்ப போட்டோம்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க.

கேள்வி: சார், நான் கோயம்புத்தூர். இன்ஸ்டால ஒருத்தர்கிட்ட பால் பைதான் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், பில் எல்லாம் தரமாட்டாராம். அது கைக்குப் பழக எவ்ளோ நாள் ஆகும்? இல்லன்னா எங்க தோட்டத்துல சாரைக் குட்டி வருது, அதையே புடிச்சுப் பழக்கிடலாமா?
– கல்லூரி மாணவர்

பதில்: ரெண்டும் வேணாம் தம்பி. பால் பைதான் சைட்டீஸ்ங்கற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தோட பட்டியல்ல இருக்கற பிராணி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்த 2022ல திருத்தினாங்க, 2023 ஏப்ரல்லேர்ந்து அமல்ல இருக்கு, அதும்படி இந்தப் பட்டியல்ல இருக்கற வெளிநாட்டுப் பிராணி எது வச்சிருந்தாலும் அரசாங்கத்துகிட்ட பதிவு பண்ணணும், அதுக்கான விதி 2024 பிப்ரவரில வந்துச்சு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல பண்ணணும். அந்தப் பதிவுக்கு இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு காட்டணும், பில்லே தராதவர்கிட்ட வாங்கினா என்னத்த காட்டுவீங்க? சென்னை ஏர்போர்ட்ல பாங்காக், கோலாலம்பூர் ஃப்ளைட்ல வர்ற பெட்டில துணிப்பைக்குள்ள அடைச்சு வச்ச பால் பைதான் குட்டிங்கள கஸ்டம்ஸ் புடிச்சதா அடிக்கடி பேப்பர்ல வருதே, அப்படி வந்து தப்பிச்ச ஒண்ணா இருக்கலாம். பாதி செத்துப்போற மாதிரி வந்து சேர்ற குட்டிய எந்த ஊர்லயும் பழக்க முடியாது.

சாரையப் புடிச்சு வளக்கறது அதவிட சிக்கல், நம்ம நாட்டுப் பாம்ப வீட்டுல வச்சிருந்தாலே குற்றம், ஜெயில் வரைக்கும் போகலாம். சட்டம் இருக்கட்டும், சாரை கூண்டுக்கு ஒத்துவர்ற சாதியே இல்ல, பகல்ல சுத்தற, வேகமான, எப்பவும் பதறுற பாம்பு, கண்ணாடில மூக்க மோதி மோதி புண்ணாக்கிக்கும். தோட்டத்துல விட்டுவைங்க, எலிய அது பாத்துக்கும். பாம்பு மேல நெஜமாவே ஆர்வம்னா சென்னை கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போங்க, சென்னை பக்கத்துல வடநெம்மேலில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கு, 1978ல ஆரம்பிச்சது, நாகப்பாம்புலேர்ந்து விஷம் எடுக்கறத அங்க பாக்கலாம். விஷமுறிவு மருந்துக்கு அங்கேர்ந்துதான் விஷம் போகுது. அந்த இருளர் அண்ணன்மாருங்க பாம்ப எப்படி அவசரமே இல்லாம கையாள்றாங்கன்னு பத்து நிமிஷம் பாத்தீங்கன்னா, நான் மேல எழுதினது எல்லாத்தையும்விட அதிகம் தெரிஞ்சுக்கலாம்.

கேள்வி: பாம்புக்கு வளக்கறவங்க மேல பாசம் வருமா? மகுடிக்கு ஆடுதே, அப்ப நம்ம குரலும் தெரியும்தானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

பதில்: டீச்சர், பாசம்னு சொல்ல முடியாது. இந்த வாசனையும் இந்தக் கையும் வந்தா ஆபத்து இல்லன்னு கத்துக்கும், அவ்வளவுதான், அதுவே பெரிய விஷயம்னு எனக்குத் தோணும். கையில சுத்திக்கறது கட்டிப்புடிக்கறது இல்ல, கீழ விழுந்துடாம இருக்கறதுக்கும் உங்க உடம்புச் சூட்டுக்கும்தான். மகுடிக்கு ஆடறது பாட்டக் கேட்டு இல்ல, மகுடியும் பாம்பாட்டி முட்டியும் அசையறதப் பாத்து அதோட சேந்து தலையத் திருப்புது. வெளிக்காது கிடையாது, ஆனா முழுச் செவிடும் இல்ல, தரை அதிர்றதையும் தாழ்ந்த சத்தத்தையும் தாடை எலும்பு வழியா உணரும். அதனால பேர் சொல்லிக் கூப்பிடறதவிட மெதுவா நடந்து போறது உதவும்.

கேள்வி: ரொறன்ரோவில இருந்து எழுதிறன். எங்கட கோர்ன் ஸ்னேக் நாலு வருசமா நல்ல சாது, பிள்ளையள் ஆரெண்டாலும் தூக்கலாம். போன கிழமையில இருந்து கைய வச்சாலே வாலை படபடவெண்டு அடிச்சுக்கொண்டு கொத்த வருது. என்ன நடந்தது எண்டு விளங்கேல்ல.
– ஒரு வாசகி, ரொறன்ரோ

பதில்: நல்லா பழகின பாம்பு திடீர்னு மாறினா குணம் மாறிடுச்சுன்னு நெனைக்காதீங்க, ஏதோ தொந்தரவு இருக்கு. வால் அடிக்கறது கார்ன் ஸ்னேக்குக்கு மெரட்டற வழக்கம். முதல்ல கண்ணப் பாருங்க, மங்கியிருந்தா சட்டை உரிக்கப் போகுது, பத்துப் பன்னெண்டு நாள் விட்டா சரியாயிடும். பெண் பாம்பா, வயித்துப் பின்பக்கம் தடிச்சிருந்தா முட்டையா இருக்கலாம், ஆண் துணை இல்லாமலே போடும். புதுசா பூனை வந்துச்சா, கூண்ட எடம் மாத்தினீங்களா, கை கிரீம் மாத்தினீங்களா, ஹீட்டர் வேல செய்யுதா, இதையும் பாருங்க. வாய் ஓரம் நுரை, மூச்சு விடறப்ப கிளுக்கு கிளுக்குன்னு சத்தம், வாயத் தொறந்துட்டே இருக்கறது, இதுல ஏதாச்சும் இருந்தா நெஞ்சுச் சளி, அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும்.

அப்புறம் ஒரு வெள்ளை டிஷ்யூவ நனைச்சு உடம்பு நெடுக மெதுவா தொடைச்சுப் பாருங்க, தாடைக்கு அடியிலயும் கண்ணச் சுத்தியும். கடுகவிட சின்னதா கருப்புப் புள்ளி ஒட்டி, அது நகர்ந்தா உண்ணி. பாம்பு எந்நேரமும் தண்ணிக் கிண்ணத்துக்குள்ளயே கெடந்தாலும் சந்தேகப்படணும். நாய்க்கு அடிக்கற உண்ணி மருந்த எடுத்து அடிச்சுடாதீங்க, பாம்புக்கு அது விஷமாயிடும். கூண்டுல இருக்கற மரத்தூள், பேப்பர் எல்லாத்தையும் பையில கட்டி வெளில போட்டுட்டு, வெறும் கிச்சன் டவல் பேப்பர் விரிச்சு வைங்க, ஊர்வன பாக்கற கால்நடை டாக்டர்கிட்ட காட்டி அவங்க சொல்ற மருந்து மட்டும் போடுங்க, சுத்தமா சரியாகற வரைக்கும் பிள்ளைங்க யாரும் தூக்க வேணாம்.